இருபத்து நான்காவது கல்

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் சீட்டு வாங்கி அடுக்குகிறவள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இங்க பாருங்கக்கா, போன ஞாயித்துக்கிழமை எல்லாருமா போயிட்டு வந்தோம். வேண்டுதல் குவியல்னு பேரு. ஒரு கல்ல வெச்சு மனசுல நெனச்சுக்கிட்டா அப்படியே நடக்குதாம். என் பொண்ணு பரீட்சைக்கு நானும் ஒண்ணு வெச்சேன்."

அந்த ஆஸ்பத்திரியில் நான் இருபத்தொன்பது வருஷமாக மாத்திரை எண்ணுகிறேன். தட்டில் கொட்டி, மழுங்கின கத்தியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி, உறையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. யாராவது பேச்சுக் கொடுத்தாலும், வரிசையில் சண்டை நடந்தாலும், கரண்ட் போனாலும் என் எண்ணிக்கை தப்பாது. என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லோருக்கும் நான் மருந்தக்காதான். அன்றைக்கு முப்பத்தைந்தா நாற்பதா என்று தெரியாமல் கத்தி தட்டிலேயே நின்றுவிட்டது. படத்தில் அவள் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெரிந்த பாறைச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் அடியில் இடுப்பு உயரத்துக்குக் கல் குவிந்து கிடந்தது. என் அப்பாவின் கல் அதற்குள் எங்கேயோ இருந்தது.

அவள் அங்கே பலகையில் எழுதியிருந்ததைப் படித்தாள், ஒரு கல்லை வைத்தாள், அவள் மேல் என்ன தப்பு? தட்டிலிருந்த மாத்திரைகளை மறுபடி டப்பாவில் கொட்டி முதலிலிருந்து எண்ணினேன். சாப்பாட்டு நேரம் வந்ததும் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கல்லு மேல கல்லு வெக்கச் சொன்னது யாருடா?"

"எந்தக் கல்லுக்கா?"

"நடிக்காத. என்கிட்ட நடிக்காத."

அவனுடைய ஆபீஸ் குரலில் ஆரம்பித்தான். "ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. ஜனங்க அவ்வளவு ஆசையா வராங்க. நீ ஒரே ஒரு தடவை வந்து பாத்தியானா—"

"ஞாயித்துக்கிழமை வரேன். நீயும் வர்ற" என்று சொல்லி வைத்துவிட்டேன். எவ்வளவு கோபம் வந்தாலும் என் குரல் நடுங்காது. குரல் நடுங்கினால் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் இரக்கமாவது வரும்.

அவன் சுற்றுலா ஆபீஸில் உதவியாளர். என்னைவிட ஏழு வயது சின்னவன். அந்தப் பாதையைச் சீராக்கிப் பலகைகள் வைத்துத் திறந்ததில் அவனுக்குப் பெரிய பங்கு. திறப்பு விழாவுக்கு மூன்று முறை கூப்பிட்டான், நான் போகவில்லை. போகாததற்குக் காரணம் அவனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவன் மலையடியில் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தான். புதிதாகத் தார் போட்ட கார் நிறுத்துமிடம், அதில் வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் இரண்டு குப்பைத்தொட்டி. ஆபீஸ் முத்திரை போட்ட தொப்பி ஒன்றை அவன் போட்டிருந்தான், எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தான். வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பாலைவனத்தில் கோபத்துக்காகத் தண்ணீரை மறுக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை.

பாதை மொத்தமே இரண்டரை கிலோமீட்டர். வழுக்கை மண்டை மாதிரி ஒரு மலை, அதன் இடுப்பைச் சுற்றி ஏறி ஒரு கணவாயில் போய் முடியும். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் இருந்த சுரங்க ஊருக்குத் தண்ணீர் கிடையாது. ஊற்று இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். மலையைக் குடைந்து குழாய் போடக் கம்பெனி ஆள் எடுத்தது. அப்பா அந்த வேலைக்குப் போனார். குடைகிற இடத்துக்கு ஆட்கள் தினமும் காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கிய வழிதான் இந்தப் பாதை. யாரும் போட்டதல்ல. கால் பட்டுப் பட்டு உண்டானது. இப்போது அதற்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

முதல் பலகையில் இன்ஜினியரின் படம். கோட்டுப் போட்டு, ஒரு கையைக் குழாய் மேல் வைத்துக்கொண்டு. இவர் கொண்டுவந்த தண்ணீர் என்று எழுதியிருந்தது. "இவர் கொண்டுவந்தாரா? எதுல, குடத்துலயா?" என்றேன். தம்பி முன்னால் நடந்தான். இரண்டாவது பலகையில் முள்ளுச் செடிகள். மூன்றாவது பலகையில் ஓணான். அதன் பெயர், அது என்ன தின்னும், எத்தனை முட்டை போடும் என்பது வரை அழகாக வரைந்து எழுதியிருந்தார்கள். அதற்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். வயிறு எரிந்தது. அந்த மலைக்குள் செத்த மனுஷர்களில் ஒருத்தருக்குக்கூடப் பெயர்ப் பலகை இல்லை, ஓணானுக்கு இருந்தது.

"அப்படிப் பாக்காதக்கா. அவங்க பேரைப் போடத்தான் நான் எவ்வளவோ சொன்னேன். நீதான் வேண்டாம்னுட்ட" என்றான்.

அது உண்மை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

குடைகிற வேலைக்குக் கம்பெனியின் பதிவேட்டில் பாதிப் பேர்தான். மீதியெல்லாம் அன்றன்றைக்கு மேஸ்திரி கூட்டிவருகிற ஆட்கள், அவர்களுக்குப் பெயரும் கிடையாது, கணக்கும் கிடையாது. உள்ளே போனவன் வெளியே வந்தானா என்று பார்க்க ஒரு நாதியும் இல்லை. ஒருநாள் ஒருத்தர் மயங்கி உள்ளேயே கிடந்து, மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஆட்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். கடைசித் திருப்பத்தில் இருக்கிற பாறைச் சுவரைத் தாண்டும்போது ஒவ்வொருத்தரும் தன் கல்லை எடுத்துச் சுவரோரம் வரிசையில் வைக்க வேண்டும். சாயங்காலம் வெளியே வந்ததும் தன் கல்லை எடுத்துப் பாதையின் எதிர்ப்பக்கம் போட வேண்டும். அடுத்தவன் கல்லை யாரும் தொடக்கூடாது. கடைசியாக இறங்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். சுவரோரம் கல் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, தேடப் போக வேண்டும். அவ்வளவுதான். எழுத்து வேண்டாம், பேனா வேண்டாம். அப்பாவை அங்கே நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவர் கல்லும் நீளமான கல். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறபோது நானே பார்த்திருக்கிறேன்.

குடைந்த வழியின் கூரை இடிந்து விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் தப்பி வந்தவர்கள் தங்கள் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்கள். மீதிக் கல் சுவரோரமே இருந்தது. கம்பெனி குடைந்த வாயை மூடிவிட்டு, குழாயை வேறு பக்கமாகக் கொண்டுபோனது. செத்தவர்கள் பதினொரு பேர் என்று சொன்னது, ஏனென்றால் வெளியே வராதவர்களில் பதிவேட்டில் இருந்தது பதினொரு பேர்தான். எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு நாலு. ஒன்றரை வருஷம் கழித்து, பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் தனியாக ஏறிப் போய் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். இருபத்து நான்கு.

அந்த இருபத்து நான்குதான் என் வாழ்க்கை என்று சொன்னால் மிகையில்லை. கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் அதற்கு நடுவே நடந்தன. லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறினேன். ஒத்தைக்காது என்று ஒருத்தர், பாட்டுக்காரர் என்று ஒருத்தர், மேஸ்திரியின் மச்சான் என்று ஒருத்தர், இப்படிப் பட்டப்பெயரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டினேன். முப்பது வருஷத்தில் பத்துப் பெயர்களைக் கண்டுபிடித்தேன். பதினொன்றும் பத்தும் இருபத்தொன்று. மூன்று பேர் கிடைக்கவே இல்லை. வரிசையின் கடைசியில் இருந்த மூன்று கற்களும் சின்னவை, உள்ளங்கைக்குள் அடங்குகிறவை. அதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவர்கள் சின்னப் பிள்ளைகள், பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பியிருக்கிறான் அந்தப் பாவி மேஸ்திரி, அதனால்தான் கம்பெனி வாயைத் திறக்கவில்லை. மனு எழுதும்போதெல்லாம் இதை எழுதினேன். எழுதும்போதெல்லாம் அழுதேன்.

ஒருமுறை அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் சொன்னாள். "அந்த மூணு பேரை விட்டுடும்மா." நான் ஆடித் தீர்த்துவிட்டேன். புருஷனையே பறிகொடுத்தவள் இப்படிச் சொல்லலாமா, உனக்கு வேண்டியவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்கிற நெஞ்சழுத்தம்தானே என்று கேட்டேன். அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆறு மாதம் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான். பாதையில் இருபத்தொரு பெயர்களோடு ஒரு பலகை வைக்க ஆபீஸ் ஒத்துக்கொண்டுவிட்டது, குடும்பங்கள் சார்பில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். செத்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சங்கம் கரைந்துபோய், நானும் நடக்க முடியாத இரண்டு கிழவர்களும்தான் மிச்சம். இருபத்து நான்கு, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றேன். பெயர் தெரியாத மூன்று பேருக்கு மூன்று வரி வெறுமையாக விடச் சொன்னேன். வெறும் வரியை எப்படி அச்சடிப்பது என்று அதிகாரி கேட்டாராம். காகிதம் திரும்பிப் போனது, ஃபைலை மூடினார்கள். பெயர்கள் வர வேண்டிய ஐந்தாவது பலகையில் என்ன போடுவது என்று தம்பியிடம் விட்டுவிட்டார்கள்.

கடைசித் திருப்பம் வந்தபோது மணி ஏழேகால். வெயில் பாறையில் ஏறியிருந்தது. ஐந்தாவது பலகையில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்து, 'ஒரு கல் வையுங்கள். மனதில் ஒன்றை நினையுங்கள்' என்று எழுதியிருந்தது. திறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. நாற்பது நாளில் அத்தனை ஆசைகள்! சுவரோரம் முழுக்க மேலும் கீழுமாகக் கல் குவிந்திருந்தது. சிலவற்றில் பேனாவால் எழுதியிருந்தார்கள். வேலை. வீடு. ஒரு கல்லில் இதயம் வரைந்து இரண்டு எழுத்து. வரிசை இருந்த இடமே தெரியவில்லை. ஒரு கணவனும் மனைவியும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை உச்சியில் வைத்தாள்.

நான் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கல்லை அள்ளிப் பாதையின் எதிர்ப்பக்கம் வீச ஆரம்பித்தேன். இதயம் போனது. வீடு போனது. அந்தப் பெண் வைத்த கல்லும் போனது.

"என்னங்க பண்றீங்க? அது நான் எங்க அம்மாவுக்காக வெச்சது! அடுத்த வாரம் ஆப்பரேஷன்!" என்று அவள் கத்தினாள்.

"ஆப்பரேஷன்னா டாக்டரைப் பாருங்க. இது செத்தவங்க கல்லு."

"அக்கா, வேண்டாம்க்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று தம்பி என் கையைப் பிடித்தான். எல்லாரும் என்றால் அந்த இரண்டு பேர்தான். அவனுக்கு எப்போதும் இரண்டு பேர் எல்லாரும்தான். நான் கையை உதறிக்கொண்டேன். அந்தக் கணவன் தன் மனைவியின் தோளைப் பிடித்து, கிறுக்கு பிடித்த ஒருத்தியிடமிருந்து விலக்குகிற மாதிரி, எதிர்ப்பக்கத்துக்குக் கூட்டிப்போனான். அவள் குனிந்து தன் கல்லைத் தேடத் தொடங்கினாள்.

"உனக்குத் தெரியாதாடா?" என்றேன். மூச்சு வாங்கியது. "ஊர் பேர் தெரியாதவன் செஞ்சா மன்னிச்சிடுவேன். நீ நெட்டை மகன்டா. வெச்ச கல்ல அவனவன்தான் எடுக்கணும், அடுத்தவன் தொடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? இதுல போய் ஆளாளுக்கு ஒண்ணு வெக்கச் சொல்லி விளையாட்டுச் சாமானாக்கிட்டியே!"

"நானா இட்டுக்கட்டலைக்கா. அம்மா சொன்னது."

"அம்மாவா?"

"அந்தக் கல்லு கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். அது வேலை நடந்தப்போ. அப்பா போனதுக்கப்புறம் அம்மா என்னை இங்க கூட்டிட்டு வந்தா. நான் அழுதுகிட்டே இருந்தேன்போல. ஒரு கல்ல வெச்சு வேண்டிக்கோ, அப்பா வந்துடுவாருன்னா. வெச்சேன்."

மலையில் காற்று இல்லை. எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெண் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போ? எனக்குத் தெரியாதே."

"நீ ஸ்கூல்ல இருந்திருப்ப. முதல் வருஷம்தான். மூணு வாட்டி வந்தோம்."

"எங்க வெச்ச?"

"வரிசை முடியற எடத்துல. வரிசையாத்தான் வெக்கணும்னு அம்மா சொன்னா." அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நினைவை யாரோ இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறார்களே என்கிற சந்தோஷம். "முதல் ரெண்டு வாட்டி அப்பா வேணும்னு கேட்டேன். மூணாவது வாட்டி, இவரு வர மாட்டாருன்னு எனக்கே புரிஞ்சிடுச்சு. சரின்னு ஷூ கேட்டேன். நம்பவே மாட்ட, அடுத்த வாரமே வந்துடுச்சுக்கா. செவப்பு ஷூ. ஞாபகம் இருக்கா? அதனாலதான் பலகைல அப்படி எழுதினேன். எனக்கு நடந்துச்சுல்ல?"

ஞாபகம் இருந்தது. அந்த ஷூவைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்தவள் நான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூணு வாட்டி. உள்ளங்கைக்குள் அடங்குகிற மூன்று கல். நாலு வயதுப் பிள்ளையின் உள்ளங்கை.

கயிறு கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் பாவம், பேசிக்கொண்டே போனவன் பாதியில் நின்றான். ஆபீஸில் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் அவன்தானே. அவன் உதடு அசைவது தெரிந்தது. இருபத்து நாலு, இருபத்தொண்ணு.

"அக்கா... அப்போ அந்த மூணு பேரு..."

"வாயை மூடு."

"இல்லக்கா, நான் வெச்சதுதான்னா—"

"வாயை மூடுடா!" நான் கத்தியது கணவாயில் மோதித் திரும்பி வந்தது. அந்தக் கணவனும் மனைவியும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அம்மா மேல் வந்தது. விட்டுடும்மா என்று சொன்னாளே, ஏன் விட வேண்டும் என்று சொல்லக்கூடாதா? நான் எண்ணிய கணக்கில் உன் தம்பியின் கல்லும் இருக்கிறது என்று ஒரு வாக்கியம், அதற்கு எத்தனை நேரம் ஆகும்? ஆனால் நான் அன்றைக்கு அவளைப் பேசவிட்டேனா? கம்பெனி மேல் வந்தது. ஒரே ஒரு நோட்டு போட்டு, உள்ளே போகிறவன் பெயரை எழுதி வைத்திருந்தால் மனுஷர்கள் கல்லை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருந்திருக்காது. பிறகு என் மேலேயே வந்தது. இரண்டு வருஷமாக அந்த இருபத்தொரு பெயர்களை வெளியே வரவிடாமல் பிடித்து வைத்திருந்தவள் நான். ஒத்தைக்காதுக்கும் பாட்டுக்காரருக்கும் என் அப்பாவுக்கும் பலகை இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு ஜோடி சிவப்பு ஷூ. சிரிப்பு வரும்போல இருந்தது, அதுவும் கோபமாகவே வந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தம்பிக்குக்கூட நான் சொல்லாத ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தையல்காரி ஆஸ்பத்திரிக்கே என்னைத் தேடி வந்தாள். என் வயதுதான் இருக்கும், விரலெல்லாம் ஊசித் தழும்பு. அவளுடைய அண்ணன் பதினாறு வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு குழாய் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினவன். எந்தக் குழாய், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. திரும்பி வரவில்லை. பேப்பரில் என் பேட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவள் சொன்ன மாதமும் வருஷமும் ஒத்துப்போயின, ஆனால் அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்க அது மட்டும் போதவில்லை. இருந்தாலும் நான் அவளை இங்கே கூட்டிவந்தேன். எங்க அண்ணன் கல்லு எதுக்கா என்று கேட்டாள். வரிசையின் கடைசிக் கல்லைக் காட்டினேன். அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் தொடாமல், தரையைத் தொட்டுக்கொண்டு அழுதாள். இரண்டு பஸ் மாறி வருஷம் ஒருமுறை வருகிறாள். போகும்போது ஆஸ்பத்திரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பாத்துட்டு வந்துட்டேன்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஊரில் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி சொல்வாள்.

தம்பி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். குவியலின் வலது கோடியிலிருந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் வைத்தான். நான் வீசினேன், அவன் வைத்தான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நகம் உடைந்து ரத்தம் வந்தது, அவன் பார்த்தான். கால் மணி நேரத்தில் அடித்தளம் தெரிந்தது. நாற்பது வருஷம் அசையாமல் கிடந்த கல் தனியாகத் தெரிந்துவிடும், அடிப்பக்கம் மண்ணோடு ஒட்டியிருக்கும். அவன் இரண்டு விரலால் கடைசிக் கல்லை நெம்பினான். அடுத்தவன் கல்லைத் தொடாதே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அவன் கல்தானே.

"இதுதான்கா" என்றான். குறுக்கே வெள்ளைக் கோடு ஓடிய சின்னக் கல். "கோடு இருக்கறதா பாத்து எடுத்தேன். இதுதான் ஷூ." என் கையைப் பிடித்து அதை உள்ளங்கையில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆபீஸ் குரல் இல்லாமல், சொன்னான். "நாளைக்கே ஃபைலைத் தொறக்கலாம்கா. இருபத்தொரு பேரு. நீ கையெழுத்துப் போட்டா ஒரு மாசத்துல பலகை வந்துடும். அப்பா பேரு வந்துடும்."

அப்பா பேரு வந்துடும். நாற்பத்திரண்டு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அது. இந்தக் கல்லை எதிர்ப்பக்கம் போட்டால் முடிந்தது. மற்ற இரண்டையும் போட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் இதே கல்லைத்தான் தையல்காரிக்குக் காட்டினேன், அவள் அண்ணன் எங்கே போவான்? அவன் இந்த மலைக்குள் செத்தானா, வேறெங்காவது செத்தானா, உயிரோடு யாரையாவது கட்டிக்கொண்டு இருக்கிறானா, யாருக்குத் தெரியும்? தாமதமாக வந்து, அவசரத்தில் கல் வைக்காமல் உள்ளே ஓடினவன் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்? நான் எண்ணியது கல்லைத்தான்.

"என்னக்கா பண்ணலாம்?" என்றான். "தெரியலைடா" என்றேன். அவனிடம் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண். தன் கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள்போல, இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். முழங்கால் வரை புழுதி. அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் ஏறி வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கல், வழியில் பொறுக்கியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "நீங்க அதை வெக்கப் போறீங்களா, எடுத்துட்டுப் போறீங்களா? சொன்னீங்கன்னா நானும் அதுபடி செஞ்சுக்குவேன்."

வெயில் முகத்தில் அடித்தது. தம்பி முட்டி போட்டபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வரிசையில் இருந்தவர்களும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தார்கள். நான் விரலை மடக்கினேன். கல் முழுதாக உள்ளே மறைந்துவிட்டது.